12 வயசு, 19,000 கிலோமீட்டர்

"வண்டி ஷெட்டை விட்டு வெளிய வந்ததே கம்மி தம்பி" என்றார் பெரியவர். மீட்டரைப் பார்த்தேன், 19,000 கிலோமீட்டர். வண்டிக்கு வயசு 12. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கீழே மட்டும் துருக்கலர் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர்க் குழாய்), அதை இறுக்கும் கிளாம்ப்பை ஒட்டி வெடித்திருந்தது. நடுவில் அமுக்கினால் கெட்டியாகத்தான் இருந்தது. முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி அமுக்கியபோது மெத்தென்று உள்ளே போனது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க மயிரிழை விரிசல். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ரப்பர், உலோகக் குழாய் மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகி, ரப்பரை உள்ளிருந்தே தின்னும். ஹோஸ் போய் மாட்டும் முனைகளில்தான் அது அதிகம். வெளியே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அப்போது நான் தனியாக மெக்கானிக் வேலை பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான். ஹோஸை மாற்றினேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, அதையும் மாற்றிப் புதுக் கூலண்ட் ஊற்றினேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க் கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. 19,000 ஓடின வண்டிக்கு ரேடியேட்டர் மாற்றச் சொன்னால் ஏமாற்றுகிறான் என்று நினைப்பாரே என்று வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. அந்த டேங்க் பிளந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், அதைப் பிளந்தது நான் மாட்டின புது மூடிதான். தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்தால் அழுத்தம் இல்லாமல் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஒரு பார் (சாதாரணக் காற்றழுத்தம் வாக்கில்) அளவுக்குக் கூடுதல் அழுத்தம் பிடித்தால் 130-ஐ நெருங்கும்வரை கொதிக்காது. பழைய மூடி அந்த அழுத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருந்ததால்தான் பழைய டேங்க் அத்தனை நாள் தாக்குப்பிடித்தது. நல்ல மூடி வந்ததும் முழு அழுத்தமும் ஏறியது, அடுத்துப் பலவீனமாக இருந்தது டேங்க்தான் என்று ஆகிவிட்டது.

"ஓடாத வண்டிக்கு எப்படிப்பா இப்படி?" என்றார். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலேதான், ஒரு தடவைக்கு நாலைந்து கிலோமீட்டர் என்றார். 19,000-ஐ ஐந்தால் வகுத்தால் 3,800. அத்தனை தடவை சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கியிருக்கிறது அந்த பிளாஸ்டிக். ஒரே மூச்சில் 300 கிலோமீட்டர் போகிற வண்டிக்கு அது ஒரு தடவைதான். நாளெல்லாம் ஓடுகிற டாக்ஸியின் கூலிங் சிஸ்டம் சில சமயம் இதைவிட ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் சீக்கிரம் ஏறுவதால் அவர்கள் கூலண்டையும் காலத்தோடு மாற்றிவிடுகிறார்கள்.

இவர் 12 வருஷமும் மாற்றவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் என்ற வரியைப் படித்தவர், "அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அது" என்பதைத் தாண்டிப் போய்விட்டார். பழைய ரகப் பச்சைக் கூலண்ட் பொதுவாக 2 வருஷம் தாங்கும், நீண்ட ஆயுள் ரகம் 5. அரிப்பைத் தடுக்கிற மருந்து தீர்ந்ததும் கூலண்டே புளித்து அமிலமாகி, அலுமினியத்தைக் கடிக்கத் தொடங்கும்.

கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்புக்கு ஓடாமல் இருப்பதே கெடுதல். கசியாமல் அடைக்கும் அதன் சீலில் இரண்டு வழவழப்பான முகங்கள் உரசிச் சுழலும். நடுவில் மெல்லிசாகக் கூலண்ட் படலம் இருந்தால்தான் தேயாது. மாசக்கணக்கில் நின்றால் படலம் காய்ந்து உப்புப் பொருக்கு கட்டும். திடீரென்று ஸ்டார்ட் செய்ததும் அந்தப் பொருக்கு முகத்தைக் கீறும். பம்ப்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் காய்ந்த கோடு தெரிந்தால் சீல் கசிகிறது என்று அர்த்தம். அவர் வண்டியில் தெரிந்தது. முதல் தடவை நான் டார்ச் அடித்துப் பார்க்கவே இல்லை.

எஞ்சின் சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கூலண்டை வடித்திருக்கும்போதே மாற்றிவிடுவேன்.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன். பிளந்த டேங்க்கை அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருந்தது: சுற்றிலும் 1 முதல் 12 வரை, ஒரு மாசத்தைக் காட்டும் அம்பு, நடுவில் வருஷத்தின் கடைசி இரண்டு எண். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

"நான் வண்டி எடுக்கறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே இது பிறந்துடுச்சே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, அந்தப் பம்ப்பையும் மாத்திடு தம்பி" என்றார்.