லுணுகங்காவின் கறுவா மலை

எங்கள் ஊரில் மலை கிடையாது. கிடுகு வேலி, கிணத்தடி, வாழை, பனை, அதற்கப்பால் தட்டையாகக் கடல் வரை ஓடும் நிலம். வளவு என்றால் எனக்கு அதுதான். அதனால்தான் போன கிழமை பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்காவைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

வழக்கறிஞராக இருந்த ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய றப்பர் தோட்டம் அது. இந்த இடத்தைத் திருத்தும் ஆசைதான் அவரைக் கட்டடக்கலை படிக்க வைத்தது. பிறகு கோட்டே பாராளுமன்றம் வரை கட்டினார். ஆனாலும் 2003இல் இறக்கும் வரை இந்தத் தோட்டத்தை விடவில்லை.

தோட்டத்து வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் புல்வெளி கறுவா மலை என்ற மேட்டுக்கு ஏறுகிறது. தெத்துவ வாவி தெரிவதற்காக அந்த மேட்டையே வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். நடுவே ஊர்ப்பாதை ஒன்று குறுக்கே போகிறது, வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாது! பள்ளத்தில் இறக்கி மறைத்துவிட்டார். ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தாராம். அந்த மரங்களுக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். எத்தனை வருசப் பொறுமை!

அம்மா படியேறிக் களைத்துப் போனார். மேலே ஒரு பெரிய சாடிக்குப் பக்கத்தில் இருந்து வாவியைப் பார்த்தபடி, "இஞ்ச கொஞ்சம் இருப்பம் பிள்ளை" என்றார். இருந்தோம். வாவிக்கு அப்பால் தூரத்தில் ஒரு வெள்ளைத் தாதுகோபம் தெரிந்தது.

வந்ததும் முதல் வேலையாகக் கிணத்தடி வாழைகளுக்கு இடையில் வெளி விட்டேன். இப்போது குசினி வாசலில் நின்றாலே பனைகள் தெரிகின்றன.