ஒரு கம்பி குறைகிறது: தோட்டத்து வீட்டு விளக்குகளும் பிளக் பாயின்ட்டுகளும்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் 14 விளக்குகளுக்கும் 5 பிளக் பாயின்ட்டுகளுக்கும் தானியங்கி மாட்யூல் (சுவிட்சுக்குப் பின்னால் அமர்ந்து, கைப்பேசியிலிருந்தும் இயக்க உதவும் சிறு கருவி) பொருத்தி முடித்துவிட்டேன். படிக்கட்டு விளக்கு ஒன்று மட்டும் மூன்று வாரமாக என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது. மாட்யூல் பொருத்தியதும், அணைத்த பிறகும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அது கண் சிமிட்டத் தொடங்கியது.

முதலில், மாட்யூல்கள் பேசிக்கொள்ள எந்தக் கம்பியில்லா முறையைத் தேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் வாங்கிய வைஃபை மாட்யூல்கள் இரண்டும் கம்பெனியின் சர்வரை நம்பியவை. இணையம் நின்ற அன்று, வாசல் விளக்கைக் கைப்பேசியிலிருந்து போட முடியாமல் நின்றேன். இசட்-வேவ் என்ற கம்பியில்லா முறை இந்தியாவில் வேறு அலைவரிசையில் இயங்குவதால், ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த கருவிகளை உறவினர் மூலம் வரவழைப்பதில் பயனில்லை. பல கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022இல் வெளிவந்த மேட்டர் தரத்தில், நம் ஊர்ப் போர்டுக்குள் அடங்கும் மாட்யூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே கருவிகள் இணையமின்றித் தமக்குள் பேசும் ஜிக்பீ முறையைத் தேர்ந்து, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், எல்லாவற்றையும் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவினேன். வைஃபையும் ஜிக்பீயும் மோதாமலிருக்க, ரௌட்டரை 1ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25ஆம் சேனலிலும் வைத்து, ஜிக்பீ டாங்கிளை (கணினியில் செருகும் சிறு ரேடியோ) ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்த பிறகு, கனமான பழைய சுவர்களைத் தாண்டியும் தொடர்பு அறுபடவில்லை.

எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: ராஸ்பெர்ரி பை நின்றுபோனாலும் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். “பழைய சுச்சுக்கு என்னங்க கேடு வந்துச்சு?” என்று கேட்ட ஆத்தாவுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

நம் வீட்டுப் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்திருப்பதால் மாட்யூல் இயங்கத் தேவையான நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) தேடாமலே கிடைக்கிறது. எங்கள் படிக்கட்டின் கீழ்ப் போர்டிலும் கிடைத்தது. மேல் போர்டிலோ, ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து இயக்க உதவும் டூவே சுவிட்சைத் தவிர வேறொன்றும் இல்லை. கீழிருந்து வரும் இரண்டு கம்பிகளும் விளக்குக்குப் போகும் ஒரு கம்பியும் மட்டுமே அங்கு உள்ளன. எனவே நியூட்ரல் தேவைப்படாத மாட்யூலை வாங்கி, வந்த இரண்டில் ஒன்றை நிரந்தர ஃபேஸாகவும் (மின்சாரம் வரும் கம்பி) மற்றொன்றைக் கீழ்ச் சுவிட்சின் சைகைக்கும் கொடுத்து, மேல் போர்டில் பொருத்தினேன்.

சிமிட்டல் அன்றிரவே தொடங்கியது. இவ்வகை மாட்யூல் தான் உயிரோடிருக்கத் தேவையான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறிய ஓட்டம் 9 வாட் எல்இடிக்குள் இருக்கும் மின்தேக்கியை மெல்ல நிரப்புகிறது. அது நிரம்பியதும் விளக்கு ஒரு கணம் மின்னி, மீண்டும் அணைகிறது. அதற்கென விற்கும் பைபாஸ் மின்தேக்கியைத் தபாலில் வரவழைத்து, சீலிங் ரோஸுக்குள் விளக்குக்கு இணையாக இணைத்தேன். சிமிட்டல் நின்றது, ஆனால் இருட்டில் பார்த்தால் சாம்பல் பூத்த தணல் போல ஒரு மங்கல் ஒளி எஞ்சியது. காரணத்தை உறுதிசெய்ய, அப்பாரு (தாத்தா) காலத்து 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து மாட்டினேன். குற்றமே சொல்ல முடியாதபடி எரிந்தது, அணைந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வாங்கிய மாட்யூலுக்காக நான்கு மடங்கு மின்சாரம் தின்னும் பல்பை எரிப்பது எந்த ஊர்க் கணக்கு என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, நியூட்ரல் இல்லாத இந்த மாட்யூல், மற்றவற்றைப் போலப் பக்கத்துக் கருவிகளின் செய்தியைக் கடத்தவும் செய்யாது.

அடுத்து, நியூட்ரலுடன் இயங்கும் மாட்யூலைக் கீழ்ப் போர்டில் வைக்கும் யோசனை. அப்படிச் செய்தால், மேலே செல்லும் இரண்டு கம்பிகளில் ஒன்று விளக்குக்கும் மற்றொன்று மேல் சுவிட்சின் சைகை திரும்பி வரவும் போய்விடும். அந்தச் சுவிட்சுக்கு ஃபேஸ் கொண்டுசெல்ல ஒரு கம்பி குறைகிறது. ஒரே ஒரு கம்பி! இரும்புக் கம்பியைப் பைப்புக்குள் விட்டுப் பார்த்தேன். நாலடி போனதும் வளைவில் முட்டி நின்றது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் சிமென்ட் தூள் ஒட்டியிருந்தது. வீடு கட்டியபோது கலவை உள்ளே இறங்கி இறுகியிருக்க வேண்டும்.

மாற்றாக, மேலே பேட்டரிப் பொத்தான் ஒன்றை ஒட்டி, அதைக் கீழ் மாட்யூலோடு ஜிக்பீ வழியாக நேரடியாகப் பிணைக்கலாம். மேசையில் வைத்துப் பிணைத்துவிட்டு ராஸ்பெர்ரி பையின் இணைப்பைப் பிடுங்கினேன். அப்போதும் பொத்தான் வேலை செய்தது. நிபந்தனை நிறைவேறுகிறது என்றாலும், பேட்டரி தீரும் இரவில் ஆத்தா படியிறங்குவார் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பிளக் பாயின்ட்டுகள் தொல்லை தரவில்லை. ஆனால் 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 10 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட மாட்யூலை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கரண்ட் போய்வந்த பிறகு மாட்யூல் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே அமைத்துவிடுவது நல்லது. நான் மறந்ததால், நள்ளிரவு 2 மணிக்குக் கரண்ட் திரும்பியபோது வீடு முழுக்கக் கல்யாண வீடு போல எரிந்தது.

உள்ளூர்க் கடைகளில் மாடுலர் பிளேட் தாராளமாகக் கிடைக்கிறது. மாட்யூலும் சேர்ந்து அடங்கும் ஆழமான பெட்டிக்குத்தான் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருந்தது. கிணற்று மோட்டாரையும் இதில் சேர்க்க ஆசை உண்டு. மோட்டாரை நேரடியாக மாட்யூலின் ரிலேயில் (உள்ளிருக்கும் சிறு சுவிட்ச்) கோக்காமல், ஸ்டார்ட்டரை இழுத்துவிடும் காயிலை மட்டும் இயக்கும்படி படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதித் திருவிழா) முடிந்த மறுநாள் வந்து, பைப்பின் வளைவில் சுவரைக் கொத்திக் கம்பி இழுத்துத் தருவதாக வயர்மேன் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை படிக்கட்டில் அப்பாருவின் குண்டு பல்புதான் எரிகிறது.