மண்டபத்தில் நாலு வாரம்

மே 18, 2025, ஞாயிறு

அத்தைக்குக் கண் அறுவை முடிந்திருக்கிறது. வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் ஒரு மாதம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ராமேஸ்வரம் தீவுக்கு முன்னால் இருக்கும் கடற்கரை ஊர் மண்டபம். விடிவதற்குள் அங்கே இறங்கிவிட்டேன்.

ஆட்டோக்காரருக்குப் புதுப் பாலத்தின் மேல் சின்ன வருத்தம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின் சில வண்டிகள் இங்கேயே முடிந்தன. அவற்றில் ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லாம் இங்கே இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. போன மாதம் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததும் வண்டி பழையபடி தீவுக்கே போய்விடுகிறது. "ரெண்டு வருஷம் நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு மவுசு இருந்துச்சு தம்பி" என்றார்.

மே 20, செவ்வாய்

கடற்கரை ஊருக்கு வந்து மீன் இல்லாமல் சாப்பிடுவதா என்று சந்தைக்குப் போனேன். கூடையில் பளபளவென்று நகரை. அரைக் கிலோ கேட்டேன். மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ யாரு, டீச்சரம்மா மருமகனா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இது வேண்டாம். இது லாரி மீனு. ஐஸ்ல கெடந்து வந்தது. நாளைக்கு வா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை விளக்கினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இந்தக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 அன்றுதான் தொடங்கும் என்பதால், அதுவரை அங்கிருந்து லாரியில் வரும். இங்கே வல்லம், வத்தை மாதிரிச் சின்னப் படகுகள் கொண்டுவருகிற கொஞ்சம் மீன்தான் ஊர் மீன். அது தெரிந்தவர்களுக்குப் போகும்.

ஆக, கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையில் காசோடு வெறும் பையுடன் திரும்பினேன். சென்னையில் நான் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. போனைத் தட்டினால் நறுக்கிக் கழுவிய வஞ்சிரம் வாசலுக்கு வரும். எங்கே எப்போது பிடித்தது என்று அவர்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மே 21, புதன்

போனேன். ஓரா வைத்திருந்தார். எனக்கு ஓரா பிடிக்காது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மே 26, திங்கள்

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டது. கொடியில் துணியை கிளிப் போட்டுக் காயவைத்தேன். பாதி பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போய்விட்டது. இங்கே யாரும் கிளிப்பை நம்புவதில்லை, ஓரத்தை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார்கள்.

மாலையில் தெற்குக் கரைக்குப் போனேன். மன்னார் வளைகுடா பக்கம் அலை வெள்ளை வெள்ளையாகப் புரண்டு வந்தது. அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்து வடக்குக் கரைக்கு நடந்தால் பாக் விரிகுடா குளம் மாதிரிக் கிடக்கிறது. ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசும்போது பாருங்கள், அப்போது பெண் கடலின் கோபம் தெரியும் என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர். எட்டு மணி மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்தேன். கரண்ட் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இதைப் படிக்கும் நண்பன் ஒருவன் அங்கேயே இருந்துவிடேன் என்று எழுதியிருக்கிறான். அவனுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற அன்று தெருவில் யாரும் வேறு வேலை பார்க்க முடியாது. ஆறேழு குடம் அடுக்கிய தள்ளுவண்டியைப் பெண்கள்தான் தள்ளுகிறார்கள். ஆண்கள் டீக்கடையில் இருந்து பார்க்கிறோம். நேற்று இரவு எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, ராமநாதபுரத்துக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என் மனதில் கடல், காற்று, அமைதி எதுவும் இல்லை. தெருவே விழித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கார் யாருடையது என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 7, சனி

பக்ரீத். பக்கத்து வீட்டு லாத்தா தூக்குவாளியில் பிரியாணி அனுப்பினார். அத்தைக்குப் பத்தியம், எனவே முழுதும் எனக்கே. வாளியை வெறுமனே திருப்பித் தரக்கூடாதாம். அத்தை கருப்பட்டி வைத்து அனுப்பினார்.

ஜூன் 13, வெள்ளி

நாளை இரவோடு தடை முடிகிறது. கரையேற்றி வைத்திருந்த படகுகள் புதுப் பெயின்டோடு தண்ணீரில் நிற்கின்றன. ஐஸ் வண்டிகள், டீசல் கேன்கள், சத்தமாகப் பேசும் ஆட்கள். இவ்வளவு நாள் நான் ரசித்த அமைதி என்பது இவர்களுக்கு வருமானம் இல்லாத இரண்டு மாதம். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு இன்று இரவு வண்டி. விசைப்படகு மீன் வருவதற்குள் கிளம்புகிறேன். அத்தைக்குக் கண் தெளிந்துவிட்டது, என் முகத்தில் தாடி நரைத்திருப்பதை முதல் வேலையாகக் கண்டுபிடித்தார்.

மீன்காரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். காரல் கருவாடு ஒரு பொட்டலம் கட்டினார். காசை எண்ணி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "ஊருக்குப் போனதும் அங்க நகரை கிலோ என்ன விலைன்னு பாத்து போன் பண்ணு. இங்க ஏலத்துல நம்மள ஏமாத்துறாய்ங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றார்.

நம்பரைக் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை காசிமேடு போக வேண்டும்.