விண்டோஸ் பூட் ஆகலையா? ஃபார்மேட்டுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க

நல்லா ஓடிட்டிருந்த பழைய டெஸ்க்டாப், நாலு நாள் பிளக்கைப் பிடுங்கி வெச்சிருந்துட்டுப் போட்டா 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு கறுப்புத் திரையில நிக்குதா? தயவுசெஞ்சு உடனே ஃபார்மேட்டுக்குக் கொடுத்துடாதீங்க. ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் அதோட போயிடும்.

ஆன் பண்ணதும் டெலிட் கீயை, சில மதர்போர்டுல எஃப்2வை, தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங் திரை) திறக்கும். தேதி பல வருஷம் பின்னாடி இருந்தா சிமாஸ் பேட்டரி (பிளக் இல்லாதப்பவும் தேதியையும் செட்டிங்கையும் காப்பாத்துற, மதர்போர்டுல இருக்கிற வட்ட பேட்டரி) தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். மல்ட்டிமீட்டர்ல 2.7க்குக் கீழ காட்டினா மாத்திடுங்க. பவர் கேபிளைக் கழட்டிட்டு ஓரத்துக் கிளிப்பை லேசா நெம்பினா தானா எழும்பும். புதுசுல பிளஸ் குறி மேல பார்த்து இருக்கணும்.

பேட்டரி மாத்தினா மட்டும் போதாது, இங்கதான் பலர் ஏமாறுறாங்க. செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். யூஇஎஃப்ஐங்கிற புது பூட் முறையில போட்ட விண்டோஸை லெகசிங்கிற பழைய முறையில தேடினா கிடைக்காது. சாட்டா மோடு (மதர்போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐல இருந்து ஐடிஇக்கோ ரெய்டுக்கோ மாறியிருந்தா, லோகோ வந்து 'இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்'னு நீலத் திரையில விழும். பழையபடி மாத்தி, தேதியும் சரி பண்ணி சேவ் பண்ணுங்க. பெரும்பாலான போர்டுல எஃப்10.

பயாஸ்லயே டிஸ்க் பேர் வரலைன்னா சாட்டா கேபிளை வேற போர்ட்ல மாத்திப் பாருங்க. ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு அடிச்சா அதோட நிறுத்திடுங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணா டேட்டா மீட்கிற வாய்ப்பும் குறையும்.

பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா 48 இலக்க ரிகவரி கீ கேக்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு இப்பவே பார்த்து எழுதி வெச்சுக்கங்க.