கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போகும் பிள்ளைக்கு

ஸ்பொன்சர் பைல் (கனடாவில் இருக்கும் மாப்பிள்ளை உங்களை அழைக்கப் போடும் விண்ணப்பம்) இழுபடுவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஒரு கூட்டில், தகப்பன் பெயர் வேறொரு கூட்டில் இருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக ஏறிவிடும். மொழிபெயர்ப்பாளர் 'த'வுக்கு ஓரிடத்தில் 'டி', இன்னோரிடத்தில் 'டி எச்' என்று போட்டால் ஒரே பிள்ளை இரண்டு ஆளாகிவிடும். கடவுச்சீட்டை முன்னால் வைத்து, எழுத்துக்கு எழுத்து அதன்படியே மொழிபெயர்ப்பியுங்கள். பழைய பத்திரத்தில் வித்தியாசம் இருந்தால் ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) சத்தியக்கடதாசி முடித்துச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது திகதி. எழுத்து (கலியாணப் பதிவு) முதலிலும் தாலிகட்டு மாதங்கள் கழித்தும் நடப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. சட்டப்படி கலியாண நாள் எழுத்து நடந்த நாள்தான். தாலிகட்டு நாளைத் தனியாக விளக்கி எழுத வேண்டும். மாப்பிள்ளை ஒரு திகதியும் பெண் இன்னொன்றும் எழுதினால், கலியாணமே உண்மையா என்ற கேள்வி வரும். எழுத்துக்கு இருவரும் நேரில் நிற்க வேண்டும்: தொலைபேசியில் அல்லது பதிலாள் வைத்து முடித்த கலியாணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை.

காணி விஷயத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மாப்பிள்ளையும் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்டவர் என்றால், சீதனக் காணியையும் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. மறுத்தால் மாவட்ட நீதிமன்றம்தான் வழி. காணி உறுதியின் மூலப்பிரதி அம்மாவிடம் இருக்கட்டும். அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) கொடுப்பதென்றால் குறித்த காணிக்கும் குறித்த வேலைக்கும் மட்டும் கொடுங்கள்.

போய் இறங்கினதும் கடவுச்சீட்டு, பிஆர் (நிரந்தர வதிவிட) கார்ட், 9 இலக்க சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்று திறவுங்கள். பிஆர் உள்ளவர்களுக்கு லிங்க் என்ற, புதிதாக வந்தவர்களுக்கான அரச ஆங்கில வகுப்பு இலவசம். பக்கத்தில் ஆள் தெரியாத ஊரில் முதல் சிநேகிதி பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பாள்.

“நான் கையெழுத்து வைச்சுத்தான் நீ வந்தனி, திருப்பி அனுப்பிப்போடுவன்” என்று கணவர் மிரட்டினால் பயப்படாதீர்கள். இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். கலியாணம் உண்மையாக நடந்ததென்றால், பிரிந்தாலும் பிஆர் போகாது. மூன்று வருடப் பொறுப்பு அவருடையது: அந்தக் காலத்தில் நீங்கள் அரச உதவிப்பணம் எடுத்தால் திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர். ஆனால் விசிட்டர் விசாவில் போய் அங்கிருந்து விண்ணப்பிப்பவர் கவனம். பிஆர் கிடைக்கும்வரை கணவர் ஸ்பொன்சரை மீளப் பெறலாம். அடி, உதை என்றால் 911. உதவி எங்கே என்று விசாரிக்க 211.

வீட்டோடு பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மாரியில் டொரொண்டோ காலை 10 மணி, இங்கே இரவு 8.30. அம்மா சமையல் முடித்து இருக்கிற நேரம். ஸ்பீக்கரில் போடாமல், தனியாக இருந்து பேசுங்கள்.