எட்டு நாள் காத்திருந்த தோமையார்

மரியே வாழ்க!

அப்பாவுக்கு பைபாஸ் அறுவைச் சிகிச்சை என்று முடிவான அன்று இரவே அம்மா, இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையாருக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா நல்லபடியாக எழுந்து நடந்தால், சென்னை சாந்தோமில் தோமையாரின் கல்லறைக்கு முன்னால் ஜெபித்து, சின்னமலைக்குப் போய், கடைசியில் பரங்கிமலைப் படிகளைக் கால்நடையாக ஏறி மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ச்சை. எங்கள் வீட்டில் எதற்கென்றாலும் வேளாங்கண்ணி மாதாவுக்குத்தான் நேர்ந்துகொள்வோம். இந்த முறை தோமையார், ஏனென்றால் அப்பாவின் ஞானஸ்நானப் பெயர் அதுதான்.

பெயர் மட்டும் அல்ல, குணமும் அதுதான். அப்பா திருச்சியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார். வீட்டுக்கு வந்ததும் பிரசங்கத்தில் சாமியார் சொன்னது வசனத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று விவிலியத்தைப் புரட்டுவார். அம்மா நேர் எதிர். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முதல் தலத்திலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். நற்கருணை ஆராதனை என்றால் கைக்குட்டை இல்லாமல் போக மாட்டாள். "உங்க மூளை உங்களை மோட்சத்துல சேர்க்காது" என்பாள் அவள். "அழுதா மட்டும் விசுவாசம் ஆயிடுமா?" என்பார் இவர். முப்பது வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஓடும் வழக்கு இது.

அறுவைச் சிகிச்சை ஆண்டவர் கிருபையால் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது. கண்ணீர் நின்றுபோனது. அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் ஜெபமாலை சொல்வாள், பூசைக்குப் போவாள், உள்ளே ஒன்றும் அசையவில்லை என்பாள். ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கம் செய்தவர், கண்ணீர் இல்லாத ஜெபம் கூரையைத் தாண்டாது, அப்படிப்பட்டவர்கள் தங்கள் இரட்சிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பேசிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பயந்துபோய் வந்து உட்காரும் ஒரு பெண்ணிடம், உன் கண் ஈரமாக இல்லை, அதனால் கடவுள் உன்னோடு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இன்னொரு பக்கம், படித்த சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "டாக்டர் செஞ்சதுக்குப் புனிதருக்கு எதுக்கு நன்றி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் அம்மாவிடம் பதில் இல்லை.

டாக்டர் மெதுவாகப் படி ஏறலாம் என்று சொன்ன பிறகு, கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் மூவரும் சென்னை வந்தோம். எழும்பூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேட்ட கூலியைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். அப்பாவின் நெஞ்சைக் காட்டிப் பேசியும் ஒருவர் கூட இறங்கி வரவில்லை. சரி, நேர்ச்சைக்கு வந்த இடத்தில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று கேட்டதைக் கொடுத்தோம்.

சாந்தோம் பேராலயத்தில் ஏழு, எட்டு பஸ் கூட்டம். இப்போதுள்ள கோயில் 1896-இல் கட்டியது, அந்த வெள்ளைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே வண்ணக் கண்ணாடியில் தோமையார் ஆண்டவரின் விலாவைத் தொடும் காட்சி. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் வரிசைதான் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டவர்களை விட நீளமாக இருந்தது. மனசு வலித்தது. அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறை மேல் எழும்பிய கோயில் உலகில் மூன்றுதான் என்று சொல்வார்கள். ரோமில் பேதுருவுக்கு, ஸ்பெயினில் யாகப்பருக்கு, இங்கே தோமையாருக்கு. அங்கே நின்றுகொண்டு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதா?

கல்லறைச் சிற்றாலயம் தனியாகக் கீழே இருக்கிறது. படுத்த நிலையில் தோமையாரின் சுரூபம். அம்மா முன்வரிசையில் முழங்காலிட்டாள். நான் பின்னால் நின்று அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குலுங்கும் என்று எதிர்பார்த்தேன். குலுங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி, அப்பாவிடம் மெல்லச் சொன்னாள்: "என்னங்க, இங்க வந்தும் எனக்கு ஒண்ணும் வரலீங்க."

அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல வாதம் செய்யப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கும் வரை அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவர் உயிர்த்துட்டார்னு மத்தவங்க சொன்னப்போ, காயத்தைத் தொட்டுப் பார்த்தாதான் நம்புவேன்னு தோமையார் சந்தேகப்பட்டதையே எல்லாரும் பேசுறாங்க. அந்த எட்டு நாளை யாரும் பேசுறதில்ல. மத்தவங்க பத்து பேரும் ஆண்டவரைப் பார்த்துட்டோம்னு சந்தோஷத்துல இருக்காங்க. இவருக்கு நம்பிக்கையும் வரல, சந்தோஷமும் வரல. ஆனா கூட்டத்தை விட்டுட்டு ஊரைப் பார்க்கப் போகல. எட்டு நாள் கழிச்சு, கதவு பூட்டின அந்த வீட்டுக்குள்ள தோமாவும் அவங்களோட இருந்தார்னு யோவான் எழுதுறார். இருந்தாரு பாரு, அதுதான். ஆண்டவர் வந்தப்போ அவர் அங்க இருந்தாரு. உனக்கு ஒண்ணும் வரலன்னாலும் நேர்ந்ததை நிறைவேத்த ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து வந்திருக்க. இதுக்கு மேல என்ன விசுவாசம் வேணும்?"

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் அம்மாவின் தோளைத் தட்டி, "நகருங்கம்மா, நாங்களும் பார்க்கணும்ல" என்றார். எழுந்துகொண்டோம். ஆனால் அந்த வார்த்தைகள் எங்களோடு வெளியே வந்தன.

எனக்கு அப்போதிலிருந்து இதே சிந்தனைதான். அறிவா, உணர்ச்சியா என்று நாம் இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடுகிறோம். தோமையாரை அறிவுக் கட்சியில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் இயேசுவின் நண்பர் லாசர் இறந்தபோது, யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்க, "நாமும் போவோம், அவரோடு சாவோம்" என்று சொன்னது இதே தோமையார்தான். அது கணக்குப் போட்ட மனிதனின் பேச்சா? கடைசி இராவுணவில், "நீர் போகும் இடமே எங்களுக்குத் தெரியாது, வழி எப்படித் தெரியும்?" என்று கேட்டதும் அவர்தான். அந்தக் கேள்வியை அவர் கேட்டதால்தான் "வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்ற வார்த்தை நமக்குக் கிடைத்தது. அவ்வளவு நேசித்த ஒருவரைச் சிலுவையில் பறிகொடுத்த மனிதன் தழும்பைத் தொட்டால்தான் நம்புவேன் என்றால், அதில் பாதி கேள்வி, பாதி காயம். இரண்டையும் ஆண்டவர் கடிந்து தள்ளவில்லை. விரலை இங்கே இடு என்றார்.

தோமையாரின் அவிசுவாசம் மற்ற சீடர்களின் விசுவாசத்தை விட நமக்கு அதிகம் உதவியது என்று பாப்பரசர் புனித கிரகோரியார் பிரசங்கித்திருக்கிறார். தோமையார் கண்டது ஒன்று, நம்பியது இன்னொன்று என்றும் சொன்னார். கண்ணால் கண்டது காயம்பட்ட மனிதரை, வாயால் அறிக்கையிட்டதோ கடவுளை. ஆதாரம் அவரை வாசல் வரை கூட்டிவந்தது. "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்பது ஆதாரத்திலிருந்து தானாகக் கிடைக்கும் விடை இல்லை. அது வரம். எபேசியருக்கு எழுதும்போது பவுல் அடிகள் இதைத்தானே சொல்கிறார்? மீட்பு கடவுளின் அருளால், அது அவர் கொடை. அப்படியென்றால் நம் அழுகையும் அதைச் சம்பாதிக்காது, நம் வாதமும் சம்பாதிக்காது. அம்மாவைப் பயமுறுத்திய அந்தப் பிரசங்கியாரிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, எத்தனையோ வருடங்கள் அவருக்கு ஜெபத்தில் ஆறுதலே இல்லாமல் இருந்தது தெரிந்து உலகமே திகைத்தது. அந்த வருடங்களிலும் அவர் ஒரு நாள் கூட ஏழைகளை விட்டுப் போகவில்லை. சின்னமலைக்குப் போகும் வழியில் இதை நான் அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கேவா?" என்று மட்டும் கேட்டாள்.

சின்னமலையில் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைக்குள் குனிந்து போய் ஜெபித்தோம், ஊற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். அப்பாவைக் கொஞ்சம் படுக்க வைத்துவிட்டு, வெயில் இறங்கியதும் பரங்கிமலை.

மலையடிவாரத்தில் ஒருவர் வழிமறித்து, மேலே கூட்டம் அதிகம், தனி ஜெபத்துக்குத் தான் ஏற்பாடு செய்வதாகவும் ஒரு பெயருக்கு இவ்வளவு பணம் என்றும் ஆரம்பித்தார். கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மா கிட்டத்தட்டப் பணத்தை எடுத்துவிட்டாள். வருகிறவர்கள் தயவுசெய்து ஏமாற வேண்டாம், காணிக்கையை மேலே உண்டியலில் போடுங்கள். மெழுகுதிரி விற்கிற பாட்டி ஒருத்திதான் அவரை விரட்டினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். நூறுக்கு மேற்பட்ட படிகள். வழியெல்லாம் சிலுவைப்பாதைத் தலங்கள் இருப்பதால், ஒவ்வொரு தலத்திலும் நின்று மூச்சு வாங்க அப்பாவுக்கு வசதியாக இருந்தது. முடியாதவர்களுக்கு மேலே வரை வண்டி போகிற பாதையும் உண்டு. அதில் போகலாம் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். "உங்கம்மா கால்நடையான்னு நேர்ந்திருக்கா" என்று மறுத்துவிட்டார். ஓரிடத்தில் நின்றபோது அவராகவே சொன்னார்: "தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்போ டாக்டர் சொன்ன சதவீதத்தைத்தான் மனசுல ஓட்டிக்கிட்டு இருந்தேன் பாப்பா. கணக்கு சரிதான், தப்பே இல்ல. ஆனா பிடிச்சுக்க அதுல ஒண்ணும் இல்ல. எங்கம்மா சின்ன வயசுல சொல்லிக்கொடுத்த ஜெபம் தானா வாயில வந்துச்சு." முப்பது வருஷ வழக்கில் அவர் அம்மாவின் பக்கம் சாட்சி சொன்னது போல இருந்தது எனக்கு.

மேலே 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய சிறிய கோயில். குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் மாதாவுக்கு உரியது, அதன் திருநாள் டிசம்பர் 18. பீடத்தில் அந்தக் கற்சிலுவை. 1547-இல் இந்த மலையில் தோண்டும்போது கிடைத்தது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. 1558-இல் அந்த டிசம்பர் 18 அன்றுதான் பூசை நடக்கும்போது முதன்முதலாக இரத்தம் வியர்த்தது என்பது வழிவழியாக வரும் சாட்சியம். அப்பா எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தார். சிலுவை தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று அறிஞர்கள் கணிப்பதையும் மறைக்காமல் சொன்னார். தோமையார் கி.பி. 72-இல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்விட்டார் என்பது நம் முன்னோர் விடாமல் காத்துவந்த மரபு. "கல்வெட்டு கிடைச்சாதான் முழங்கால் போடுவேன்னு நான் வரல" என்றார். அதைச் சொல்லிவிட்டு முழங்காலிட்டார்.

பைபாஸ் ஆனவர்கள் குனியும்போது ஒரு கையை நெஞ்சின் மேல் அழுத்திக்கொள்வார்கள். அப்பாவும் அப்படித்தான். சட்டைக்குள் கழுத்துக்குக் கீழே ஆரம்பிக்கும் அந்தத் தழும்பை அம்மா இத்தனை மாதத்தில் ஒரு முறை கூட நேராகப் பார்த்ததில்லை. மருந்து போடுவது எப்போதும் நான்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று சிலுவைக்கு முன்னால் அவள் கை நீண்டது. அப்பாவின் கையை விலக்கிவிட்டு, சட்டைக்கு மேலாகத் தன் உள்ளங்கையை அந்தத் தழும்பின் மேல் வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்குப் பக்கத்தில் போகத் தைரியம் இல்லை, தேவையும் இல்லை. தோமையாரின் வார்த்தையைத் தவிர அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? பின்னாலிருந்து நெருக்கினார்கள், குழந்தை ஒன்று வீறிட்டது, மலைக்குப் பக்கத்தில் விமானம் இறங்கும் சத்தம். அவள் கையை எடுக்கவில்லை. அழுதது நான்தான்.

இந்த மலைக்கு 1986-இல் வந்து ஜெபித்த பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், 1998-இல் எழுதிய சுற்றுமடலில் விசுவாசத்தையும் பகுத்தறிவையும் மனிதன் உண்மையை நோக்கிப் பறக்க உதவும் இரண்டு சிறகுகள் என்றார். அப்பா அடிக்கடி சொல்லும் மேற்கோள் அது. எனக்கோ அன்று, உயிர்த்த ஆண்டவரை அடையாளம் தெரியாமல் அவரோடு எம்மாவுஸ் ஊருக்கு நடந்த இரண்டு சீடர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். வழியில் ஆண்டவர் மறைநூலை எடுத்து விளக்கினார், அப்போதே அவர்கள் உள்ளம் பற்றி எரிந்தது. விளக்கம் முடிந்த பிறகு வேறொரு நேரத்தில் வந்த உணர்ச்சியா அது? முழு இதயத்தோடும் முழு உள்ளத்தோடும் முழு மனத்தோடும் அன்பு செய் என்று கேட்டவருக்கு, எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் மனத்தையும் ஒருவர் இதயத்தையும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மெழுகுதிரி காற்றில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது தரம் அப்பா கையால் மறைத்துக்கொள்ள, அம்மா ஏற்றினாள். இறங்கும்போது அந்தச் சொந்தக்காரர் கேட்ட கேள்விக்கு அம்மாவே பதில் சொன்னாள்: "டாக்டருக்கும் நன்றி சொல்லிட்டேன். அவரைக் கொடுத்தவருக்கும் சொல்றேன்."

ஆண்டவரே, உமக்கு நன்றி. அப்பாவின் இதயத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி, அறுத்துத் தைத்த கைகளுக்கு நன்றி, இரவு முழுக்க விழித்திருந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி, அந்த மெழுகுதிரிப் பாட்டிக்கு நன்றி. மாதாவே, உமக்கு நன்றி. தோமையாரே, நம்ப முடியாதபோதும் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தீரே, அதற்கு நன்றி.

அம்மாவுக்குக் கண்ணீர் இன்னும் திரும்பவில்லை. காலைப் பூசைக்குப் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஜூலை 3 தோமையார் திருநாளுக்கு எங்கள் பங்கில் நன்றிப் பூசைக்குக் கருத்து கொடுத்திருக்கிறோம். வாசிப்பவர்கள் அன்று எங்கள் குடும்பத்துக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள்.