பத்து வரை எண்ணச் சொன்னேன்

"அவர் சொல்லி முடிக்கட்டும்மா. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க."

கணவர் பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்து வைத்த அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பேச்சுப் பயிற்சியில் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வது.

சொன்னதில் பிழையில்லை. பார்க்கின்சன் நோயில் யோசிப்பதும் மெதுவாகும், யோசித்ததை வாய்க்குக் கொண்டுவருவதும் மெதுவாகும். பதில் கிளம்புவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தால் முதல் பதில் அறுந்துவிடும். முகத்தசை இறுகியிருப்பதால் அவர் யோசித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரியாது. கோபம் என்று வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

"சத்தமாப் பேசுங்க" என்பதும் ஒரு வாக்கியத்துக்கு மேல் நிற்காது. தன் குரலை அளக்கும் உணர்வே பிசகியிருக்கிறது. நமக்குச் சரியாகக் கேட்கும் குரல், தான் கத்துவதாக அவருக்குத் தோன்றும். உரத்த குரலில் பேசப் பழக்கும் எல்எஸ்விடி லவுட் (LSVT LOUD) பயிற்சி வாரம் 4 நாள் வீதம் 4 வாரத்தில் 16 அமர்வுகள் நடப்பது அந்த அளவைத் திருத்தத்தான். வீட்டில் டிவியை அணைத்து, எதிரே உட்கார்ந்து, "இப்பக் குளிக்கிறீங்களா, சாயங்காலமா?" என்று இரண்டில் ஒன்றாகக் கேட்கலாம். நடக்கும்போது கேட்கவே கூடாது. கவனம் சிதறினால் கால் நகராமல் உறைந்து விழுந்துவிடக்கூடும். முக்கியமான பேச்சை, இந்நோய்க்கான லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று அந்த அம்மா எண்ணினார். பத்து தாண்டியது. கணவரின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"இப்படிப் பார்த்தா, நீயே சொல்லுன்னு அர்த்தம்ங்க."

"இன்னும் கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்று நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த வேளை நெருங்கி, மருந்தின் பிடி தளர்ந்த நேரமாக இருந்திருக்கலாம். நேரம் பார்த்துப் பேசுங்கள் என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, நானே பார்க்கவில்லை. முகபாவம் மங்கிய பிறகு அவர்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அந்தப் பார்வை. அதை நான் பேச்சாகவே எண்ணவில்லை.

ஆனாலும் எப்போதும் மனைவியே முடித்தால் அவர் பேசுவது குறையும். முடித்தது தவறாக இருந்தாலும், திருத்தும் சிரமத்துக்குப் பயந்து தலையாட்டிவிடுபவர்கள் உண்டு. அதை நினைத்தால் தடுத்தது சரி என்றே படுகிறது. குனிந்த தலையை நினைத்தால் அப்படிப் படவில்லை.

இப்போது முதலில் நோயாளியிடமே கேட்கிறேன்: "நீங்க தடுமாறினா அவங்க எடுத்துக் குடுக்கலாமா ஐயா?" அதற்குப் பதில் வரவும் நேரமாகிறது. சில வேளை, பக்கத்தில் இருப்பவர் "குடுக்கலாம்ங்க" என்று முந்திவிடுகிறார்.